இரண்டு விரல் தொய்வு

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் முதல்வரின் தலைமுடி பற்றி நான் எழுதியவை அத்தனையும் பொய். அவற்றை எல்லோரும் நம்பினார்கள். இது ஒன்றுதான் உண்மை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகரில், கல்லூரிக்கு வடக்கே சுமிரா அம்மாவின் விடுதியில் நான் தங்கியிருந்தேன். வாசல் பக்கத் தகரக் கொட்டகையில் ஆறு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அவற்றில் இரண்டு, ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருக்கும். ஒரே மாடல், ஒரே சிவப்பு, இரண்டுக்குமே செயின் மூடி கிடையாது. ஒன்று என்னுடையது. மற்றது பக்கத்து அறைத் தனாங்குடையது.

நான் வருவது மூன்று தெருவுக்கு முன்பே தெரிந்துவிடும். கரக்... கரக்... கரக்... தெருவோரம் சாத்தே இறைச்சி சுடுகிறவர் விசிறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். தனாங் வந்தால், வழியில் படுத்திருக்கும் பூனைக்குக்கூடத் தெரியாது.

அந்தச் சத்தமில்லாத வண்டியில்தான் வெனிங் போவாள்.

வெனிங் எதிர்ச் சந்தில் இருந்த பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். எங்கள் வகுப்புதான். நான் சொல்லும் நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, தனியாகச் சிரிப்பாள். ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன்.

"ஏறு வெனிங், கல்லூரியில விட்டுடறேன்."

"வேணாம் மஸ் செனோ. செயின் கத்தற வண்டியில நான் ஏற மாட்டேன். அந்தச் சத்தம் கேட்டாலே காலெல்லாம் கூசுது."

மஸ் என்றால் அண்ணன். எங்கள் ஊரில் காதலனையும் மஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே நம்பிக்கை போகவில்லை. போக வேண்டியது செயின் சத்தம் மட்டும்தான்.

அன்றிலிருந்து நான் படித்த படிப்பைப் பாடத்தில் படித்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பேன். மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியை நனைத்துச் செயினைத் தேய்த்தேன். துணியால் துடைத்து உலர்த்தினேன். ஓடி வந்த சூடு ஆறுவதற்குள் எண்ணெய் விட்டேன். அதுவும் வெளிப்புறம் இல்லை, உட்புறம். கீழ்வரிசையின் உள்பக்கம் விட்டால்தான் சக்கரம் சுற்றும்போது எண்ணெய் உருளைகளுக்குள் இறங்கும். வண்டி சென்டர் ஸ்டாண்டில், கியர் நியூட்ரலில், என்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, ஒரு கை சொட்டுவிட வேண்டும். வழிவதைத் துடைக்காமல் விட்டால் புழுதி ஒட்டி மாவாக அரைக்கும். கடைசியில் தொய்வு பார்க்க வேண்டும். கீழ்வரிசையின் நடுவில் விரல் வைத்துத் தூக்கினால் இரண்டு விரல் உயரம் எழும்ப வேண்டும். அதிகமானால் கழன்று விழும். குறைந்தால் அறுந்துபோகும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டாலும் பூட்டிக்கொள்ளும்.

எல்லாம் செய்தேன். ஒரே மழைக்காலத்தில் செயின் ஓடும் என் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பற்கள் பூனை நகம் போல வளைந்துவிட்டன. கரக்.

தனாங்கோ மழையில் போவான், சேற்றில் போவான். செயின் புதுப் பெண்டாட்டி மாதிரி வாயே திறக்காது. எனக்கு வயிறு எரிந்தது. அவன் மேல் இல்லை. செயின் மேல். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை, மக்ரிப் பாங்கு சொல்லும் நேரம், அவன் எண்ணெய் விடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"தனாங்! விளக்கு வைக்கிற நேரத்துல வெளிய குந்தாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? எதாவது வந்து ஒட்டிக்கப் போவுது!" என்று சுமிரா அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

"ரெண்டு நிமிஷம்மா!"

வலது கையில் எண்ணெய்க் குப்பி. இடது கையில் தேநீர் கிளாஸ். ஒரு வாய் குடிப்பான், ஒரு சொட்டு விடுவான். சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு லாவகம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது.

குப்பி ஒரு கை. கிளாஸ் ஒரு கை.

சக்கரத்தைச் சுற்றியது யார்?

அவன் அறைக்கே போய்க் கேட்டேன். தனாங் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"உள்ள ஆள் இருக்குடா" என்றான்.

"எங்க?"

"செயின்ல."

தனாங் வொனோகிரிக்காரன். அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த கிரிஸ் கத்தி ஒன்று இருக்கிறது. ஜாவா ஆண்டின் முதல் மாதமான சுரோ வந்தால் அதைப் பூப் போட்ட நீரில் கழுவி, எண்ணெய் பூசி, பட்டில் சுற்றி வைப்பார்கள். இரும்புக்குள் ஒருவர் குடியிருக்கிறார், மாதச் சம்பளம் கேட்கமாட்டார், மரியாதை மட்டும் கேட்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. நாங்கள் எல்லோருமே அப்படி நம்பி வளர்ந்தவர்கள்தான். பகலில் சிரிப்போம்.

"மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றான் தனாங். "இப்ப நான் குப்பியத் தொடறதுக்கு முன்னாடியே சுத்த ஆரம்பிக்குதுடா. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நானும் பயந்தேன். ஆனால் பொறாமை பயத்தைவிட ஒரு அங்குலம் உயரம்.

"எனக்குக் குடு" என்றேன்.

"பைத்தியமா உனக்கு?"

"குடுடா."

அவன் அப்பாவிடம் போனில் கேட்டான். ஆள் இருக்கும் இரும்பை விற்கக் கூடாது, பெண் எடுப்பது போலப் பரியம் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார் அவர். என் புது மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் பரியம். தெருமுனை மெக்கானிக் துகிஜோ அந்தச் செயினை என் வண்டிக்கு மாற்றிக் கொடுத்தார்.

"செயினை மட்டும் மாத்தினா உன் பழைய பல்லு அதைத் தின்னுடும் தம்பி. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேத்து, குடும்பத்தோட மாத்தணும்."

பெண்ணோடு மாமியாரும் வந்தாயிற்று. தனாங் தன் வண்டிக்கு மூன்றையும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு, சுரோ கழுவலுக்கு ஊருக்குப் பஸ் ஏறினான்.

என் வண்டியில் சத்தம் இல்லை. மூன்று நாள் மாலையும் மக்ரிப் நேரத்தில் குப்பியோடு உட்கார்ந்தேன். சக்கரம் அசையவில்லை. நானேதான் சுற்றினேன். பரியம் போட்டும் பெண் முகம் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் வெனிங் காதைத் தீட்டிக்கொண்டு என் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"கத்தவே இல்லையே மஸ்! என்ன பண்ணீங்க?"

"படிப்பு."

"மலைப் பக்கம் பாட்டு வகுப்பு எடுக்கப் போகணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

தனாங் ஊரில் இல்லை. உலகம் அழகாக இருந்தது.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது மணி 5:32. தூறல். சலாக் பழத் தோட்டங்களுக்கு நடுவே இறக்கமான சாலை. பின்னால் வெனிங், இரு பக்கமும் கால் போட்டு, நீளப் பாவாடையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு.

சிறிது தூரத்தில் வண்டி கனத்தது. பின்பக்கம் ஒரு மூட்டை ஏற்றியது போல...

"மஸ், பாவாடைய விடுங்க."

"நானா?"

"விளையாடாதீங்க."

"ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கு வெனிங்."

தூறல் சத்தம் மட்டும்.

"மஸ்..."

"ம்?"

"இன்னும் புடிச்சிட்டு இருக்கு."

அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். தைரியம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தானே இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் கிடந்தேன். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், என் சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களைத் தொட்டேன்.

டக்.

பின்சக்கரம் ஒரு கணம் பூட்டி, விட்டது. வண்டி வழுக்கி நேரானது. கையை எடுத்தேன். ஒன்றுமில்லை.

கல்லில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி தொட்டேன்.

டக்... டக்.

கையை எடுத்தேன்.

அமைதி.

நான் பொறாமைக்காரன். ஒரு பொறாமைக்காரனுக்கு இன்னொருவனை இருட்டிலும் அடையாளம் தெரியும்.

மணி 5:41. பாங்குச் சத்தம் தூரத்தில் எழுந்தது. சாத்தியிருந்த ஒரு கடையின் தகரக் கூரையடியில் நிறுத்தினேன். வெனிங் இறங்கிச் சுவரோரம் போய் நின்றாள். சென்டர் ஸ்டாண்டு போட்டேன். நியூட்ரல். என்ஜினை அணைத்தேன். சாவி என் கையில்.

பின்சக்கரம் சுற்றியது.

மெதுவாக.

பின்னோக்கி.

எண்ணெய் விடும்போது சுற்றுவோமே... அப்படி.

சள்... சள்... சள்...

நின்றது.

காத்திருந்தது.

குப்பி என் பையில் இருந்தது. எடுத்தேன். கீழ்வரிசை, உள்பக்கம். ஒரு சொட்டு.

சள்...

ஒரு சொட்டு.

சள்...

ஒரு முழுச் சுற்று. பிறகு நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் கை கழுவப் போவது போல.

"மஸ்" என்றாள் வெனிங். "இங்க பாருங்க."

பாவாடையின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய்த் தடம். ஒரு கையின் தடம்.

கட்டைவிரல் இருந்தது.

மோதிர விரல். சுண்டுவிரல்.

நடுவில் இரண்டு... இல்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழாமல், மிக மெதுவாகச் சொன்னாள்.

"ஏழாவது படிக்கறப்போ என் பாவாடை எங்க மாமா வண்டி செயின்ல மாட்டிக்கிச்சு. என்னையும் சேத்து உள்ள இழுத்துச்சு. மாமாவுக்கு என்ஜினை அணைக்கக்கூடத் தோணல. பக்கத்து ஒர்க்‌ஷாப்பு அண்ணன் ஒருத்தர் ஓடி வந்து, கைய உள்ள விட்டு இழுத்தாரு. நான் வெளிய வந்துட்டேன். அவரோட ரெண்டு விரல் வரல."

விடுதி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

மறுநாள் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருடம் சொல்லாததை அம்மா சொன்னார். அந்தக் காயம் ஆறவில்லை. ஜன்னி கண்டு, இரண்டே வாரத்தில் அந்தப் பையன் இறந்துபோனான். குழந்தை மனம் உடைந்துவிடும் என்று மறைத்துவிட்டார்கள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன வெனிங்கின் அம்மாவிடம் அவன் சொன்னானாம்:

"நீங்க கவலப்படாதீங்கம்மா. இனிமே பாப்பா போற வண்டிக்கெல்லாம் செயினை நான் பாத்துக்கறேன்."

காய்ச்சலில் உளறுகிறான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

"மாமா வண்டிக்கு எட்டு வருஷமா ஒரே செயின்" என்றாள் வெனிங், போனை வைத்துவிட்டு. "தேங்காய் எண்ணெய் விடறதாலன்னு பெருமையாச் சொல்லிட்டுத் திரிவாரு."

தனாங் ஊரிலிருந்து வந்தான். இரண்டு மாலை கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். "போயிடுச்சுடா! சக்கரம் அசையல. நான்தான் சொன்னேனே, செயின்லதான் இருந்துச்சு."

நான் அந்தச் செயினைக் கழற்றி, பழைய இரும்புக்குப் போட்டேன். துகிஜோ கடையில் புதிது மாட்டினேன். வெனிங்கை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தேன். மக்ரிப் நேரத்தில் குப்பியோடு உட்கார்ந்தேன்.

சள்... சள்...

கிரிஸ் கழுவுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். இரும்பைத்தான் சந்தேகப்படுவோம். பெண்ணோடு வருபவரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. அதே செயின்தான். நண்பர்கள் வயிறெரிகிறார்கள். ரகசியம் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய், பல்துலக்கி, உட்புறம் எண்ணெய் என்று சொல்லி அனுப்புகிறேன். மாலையில் வலது கையில் குப்பி, இடது கையில் தேநீர் கிளாஸ். பழகிவிட்டது. அவர் பக்கம் பார்த்து மரியாதையாக ஒரு வார்த்தை பேசக்கூடச் செய்வேன்.

போன மாதம் எனக்கும் வெனிங்குக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது.

செயின் என்றால் ஓட ஓட நீளும், தளரும். எந்த ஊர் மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். என்னுடையது நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளிலிருந்து இறுகி வருகிறது. துகிஜோ ஒவ்வொரு வாரமும் தளர்த்தி விடுகிறார். தலையைச் சொறிகிறார். மறு வாரம் மறுபடி இறுகியிருக்கிறது.

இரண்டு விரல் தொய்வு இருக்க வேண்டும்.

நேற்று அளந்தேன். ஒரு விரல்.

வெனிங்கிடம் இன்னும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று என் வண்டியில்தான் வருவேன் என்கிறாள்.

வேறு எந்த வண்டியில் வந்தாலும்... அதற்கும் செயின் இருக்கும்.