திறக்கக் கூடாத குப்பிகள்

கடல் தண்ணீரைக் குப்பியில் அடைத்துப் பேருந்தில் கொண்டுபோவதுதான் அப்போது என் உத்தியோகம். பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொல்லிப் பெண் கேட்க முடியாது.

பூவாரில் கட்டுமரம் ஏறித் தண்ணீர் எடுத்து, காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வேலை ஒரு வருஷத்துக்குத்தான். அது தொடர்வது அந்த வருஷத்து அளவுகளை வைத்துப் போடும் வரைபடத்தைப் பொறுத்தது.

கண்ணுக்குத் தெரியாத செடிகள் கடலில் மிதக்கின்றன. மழைக்காலத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதோடு செடிகளுக்கு உரமும் வரும், கரியமில வாயுவும் வரும். பிறகு நாலு வெயில் அடித்தால் செடிகள் பெருகி, கடலே கீரை கடைந்த சட்டி போலாகும். வாயுவை அவை தின்று தீர்க்கும். எங்கள் கடல் வருஷம் முழுக்கப் பார்த்தால் வாயுவை வெளியே விடுகிறதா, உள்ளே இழுக்கிறதா? அதுதான் என் கேள்வி. பச்சைக் கடலின் தண்ணீர் இல்லாமல் விடை கிடையாது. அதிலும் காற்று படக் கூடாது; பட்டால் வாயுக் கணக்கு கெட்டுவிடும். ஒரு குமிழி இல்லாமல் நிரப்பி, மூடியில் மெழுகு வைக்க வேண்டும்.

ஆடி முழுக்கக் கடல் என்னை உள்ளே விடவில்லை. கடைசியில் ஒரு காலை கட்டுமரக்காரர் கூப்பிட்டார்.

"மக்கா, கடலு பச்சையாட்டு கெடக்கு. இண்ணைக்கு விட்டா பின்ன கிட்டாது ஆக்கும்."

போகும்போது வாந்தி; வரும்போதும் வாந்தி.

"எடுத்ததுக்க மேல கடலுக்குக் குடுத்தாச்சு மக்கா" என்றார் அவர்.

குப்பிகள் மட்டும் குமிழியில்லாமல் நிறைந்திருந்தன. மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மாப்பிள்ளை போல உட்கார்ந்தேன்.

தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்திருந்த வாரம் அது. எங்கள் பக்கத்துத் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தால் சாலையெங்கும் போலீஸ். நெய்யாற்றின்கரைக்கு முன்பே பேருந்தை நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் திறந்தார்.

"எந்துவாடா இது?"

"கடல் வெள்ளம் சாரே."

"பின்ன எந்தினா மெழுகு?"

மெழுகு எதற்கென்று நான் உண்மையைச் சொன்னேன். உண்மை எனக்குச் செய்த உதவிகளில் அது தலையாயது.

"தொறந்நா அகத்துள்ள வாயு போவும் சாரே."

அவர் பெட்டியை மிக மெதுவாகத் தரையில் வைத்தார். பேருந்து காலியானது. போலீஸ்காரர்கள் ஒரு பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்று உத்தரவிட்டார்கள்:

"நீ தன்னே தொறக்கு! எல்லாம் தொறக்கு!"

மலையாளத்தில் கெஞ்சினேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. உடனே மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துப்பாக்கி எட்டிப் பார்த்தது.

"எலே, தொறந்து தொலையேன்! உப்புத் தண்ணிக்கு ஒரு காவலு!" என்று பயணி ஒருவர் கத்தினார்.

மெழுகைச் சுரண்டி, என் கையாலேயே ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதுவும் வெடிக்கவில்லை. போலீஸ்காரர் வந்து ஒரு குப்பியை முகர்ந்தார். விரல் விட்டு நக்கினார்.

"உப்பு" என்றார்.

அந்தத் தண்ணீருக்கு நடந்த ஒரே பரிசோதனை அதுதான்.

மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. மறுபடி கட்டுமரம் ஏற முடிந்தபோது பச்சை போயிருந்தது. கட்டுமரக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் துடுப்புப் போட்டார்.

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் வரைபடத்தில் பச்சை நாட்களுக்கு விட்டிருந்த காலியிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கே புள்ளிக்கோடு போடலாம். ஆனால் புள்ளிக்கோட்டுக்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள்."

வேலை போயிற்று. பிறகு மாநில எல்லையும் தீர்மானமாயிற்று. எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரானேன். ஆடி முடிவில் பூவாருக்குப் போய்க் கரையில் நிற்பேன். பச்சை வரும், போகும். கையில் குப்பி இருக்காது.

கடலை ஒரு வருஷம் ஆராய்ந்து என்ன கண்டுபிடித்தாய் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்.

உப்பு.