ஆறணாப் பட்டு

என் தமக்கை தில்லையம்மாள் பட்டுப்புடவை திருடியவள் என்று ஒரு சொல் இந்த ஊரில் இன்னும் உலவுகிறது. அந்தப் புடவை அவள் கைக்கு வந்தபோது நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன், படிப்பவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் செவிலிமேட்டுச் சேரியைச் சேர்ந்தவர்கள். தமக்கைக்குக் கழனி வேலை. அவள் புருஷன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தபோது மகள் காந்தா கைக்குழந்தை. கூலிக்காரி என்பதைவிட, மலிவாக வாங்குபவள் என்றே எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர். யார் வீட்டில் துணி, பாத்திரம், பாய் எது வேண்டியிருந்தாலும் காசை அவள் முந்தானையில் முடிந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

அவள் எப்படி வாங்கினாள் என்பதைச் சொல்ல, கடை எங்களுக்கு எப்படி விற்றது என்பதை முதலில் சொல்லவேண்டும். கடைப்படியில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. தெருவில் நின்று கேட்க வேண்டும். காசைக் கீழ்ப்படியில் வைத்தால், கடையாள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வான். துணியைத் தூக்கிப் போடுவான். எங்கள் கை பட்ட துணியை வேறு யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், தொட்டுவிட்டால் எடுத்துத்தான் ஆகவேண்டும். பிரித்துப் பார்த்து, நடுவில் எலி கடித்த ஓட்டை இருந்தாலும் அது நமக்குத்தான்.

ஆகவே தொடாமல் துணி பார்க்கக் கற்றிருந்தாள் என் தமக்கை. கடையாள் வேறொருத்திக்கு எறியும் துணியைக் கண்ணால் பிடிப்பாள். கஞ்சியால் விறைத்த துணி தகடு போல விழும். நல்ல நூல் தண்ணீர் போலத் தழைந்து விழும். இற்றுப்போனது விழும்போதே புழுதி விடும். வெயில் கடைக்குள் சாயும் பொழுது பார்த்துத்தான் போவாள். நிழலில் வாங்கினவள் வீட்டில் அழுவாள் என்பது அவள் வாக்கு.

ஆங்கீரச வருஷம் வைகாசியில் காந்தாவுக்கு ஏனாத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். ஆனியில் கல்யாணம். தமக்கைக்கு ஓர் ஆசை இருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். காந்தா மணையில் பட்டுக் கட்டி உட்கார வேண்டும். எங்கள் தெருவில் பட்டு நூலை அலசியவர்கள் உண்டு, கோணியில் கட்டிச் சுமந்தவர்கள் உண்டு. கட்டியவர்கள் கிடையாது.

காஞ்சிபுரத்தில் கருட சேவை முடிந்து வெளியூர்க் கூட்டம் வடிந்த மறுவாரம், கண்ணாயிரம் என்பவர் தம் ஜவுளிக்கடை வாசலில் கழிவுச் சரக்கைக் கொட்டி விற்பது வழக்கம். கறை பட்டது, ஓரம் கிழிந்தது, மடிப்பில் வெளுத்தது எல்லாம் தெருவோரக் கோணியில் குவியலாகக் கிடக்கும். அவரிடம் வேலை செய்த வீராசாமி ஒரு மூங்கில் கழியால் அதைக் கிளறிக்கொண்டே கூவுவான்.

"எத எடுத்தாலும் ஆறணா! எதா இருந்தாலும் ஆறணா! தொட்டா எடுத்துக்கணும்!"

அன்று மூட்டை சுமக்க நானும் போயிருந்தேன். உள்ளே ஜமக்காளத்தில் சின்னக் காஞ்சிபுரத்து ஹேமாம்புஜம் அம்மாள் உட்கார்ந்து பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கு நிறத்தில், மாம்பழ மஞ்சள் கரை போட்ட ஒரு புடவைக்கு அவருக்கும் கண்ணாயிரத்துக்கும் நெடுநேரமாகப் பேரம்.

"இந்த விலைக்கு நான் சேலத்துலயே வாங்கிப்பேனே, கண்ணாயிரம்."

"அம்மா சேலம் போயிட்டு வர்ற ரயில் சார்ஜையும் சேத்துப் பாருங்கோ."

அம்மாள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு கேட்டார். அந்தச் சமயம் வீராசாமி உள்ளே வந்து, ஓரமாகக் கிடந்த கழிவுத் துணிகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு போய்க் குவியலில் போட்டான். அந்த வாரலில் அரக்குப் புடவையும் சேர்ந்து வந்துவிட்டது.

எனக்கு அது தெரியவில்லை. தமக்கையின் மூச்சு நின்றதுதான் தெரிந்தது. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். பழுப்பேறிய ஒரு வேட்டிக்கு அடியில் விரலளவு மஞ்சள் கரை, வெயிலில் மினுங்கியது.

"அக்கா…" என்றேன்.

"வாய மூடு."

சுட்டிக் காட்டினால் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். தொட வேண்டும். தொடுவதற்கு நாலு பெண்களைத் தாண்டிக் குனிய வேண்டும். வீராசாமியின் கழி அந்த வேட்டியைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. ஒரு கிளறலில் கரை மறைந்தது. அடுத்த கிளறலில் சாண் அளவு வெளியே வந்தது.

தமக்கை குரலை உயர்த்தினாள். "இன்னாபா வீராசாமி, அந்தாண்ட கெடக்குதே நீலத் துண்டு, அத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டேன்."

அவன் கழியை மறுபக்கம் நீட்டினான். அந்த இடைவெளியில் அவள் இரண்டு எட்டு வைத்துக் குனிந்து, வேட்டியை விலக்கி, உள்ளங்கையை அப்படியே பட்டின்மேல் பதித்தாள்.

"துண்டு வாணாம்பா. இது."

கழி நின்றது. வீராசாமியின் முகம் வெளிறியது. கண்ணாயிரம் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, படிவரை ஓடிவந்தார்.

"ஏய்! அது தவறி விழுந்தது. எடு கைய!"

"தொட்டுட்டேனே சாமி."

"பரவால்ல, விடு. பட்டுக்குத் தீட்டு கெடையாது."

இதை அவர் யோசிக்காமல் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் குவியலைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தொட்ட பாவத்துக்குக் கந்தல் வாங்கியவர்கள்.

"அப்பிடியா சாமி?" என்றாள் எல்லம்மாள் என்ற எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. "போன வருசம் வெரலு பட்டுச்சின்னு ஒரு சல்லடைய என் தலையில கட்டுனியே. அதுல மாவு சலிச்சுக்கினு இருக்கறேன்."

"அது நூலு. இது பட்டு."

"ஆறணான்னு கூவறப்ப நூலு, பட்டுன்னு பிரிச்சா கூவுனாரு உங்காளு?" என்றாள் தமக்கை. கையை எடுக்கவில்லை. "எதா இருந்தாலும்னாரு. பேரு கண்ணாயிரம். ஆயிரம் கண்ணுல ஒண்ணுக்கும் இது தெரியலியா சாமி?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் காரியம் கெட்டது. கண்ணாயிரத்தின் முகம் மாறியது. அவர் தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"திருடி! உள்ள இருந்த பொடவைய நீதான் இழுத்துப் போட்டிருக்கே. வீராசாமி, போலீஸ் டாணாவுக்கு ஓடுடா!"

எதிர்க்கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்; எல்லம்மாள்கூட நகர்ந்தாள். டாணாவுக்குள் போன எங்கள் ஆட்கள் எந்த நிலையில் வெளியே வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணின் தாய் அங்கே ஓர் இரவு இருந்தால், மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"அக்கா, கீழ போட்டுடு. வா, போயிடலாம்" என்று அவள் தோளைப் பிடித்தேன்.

அவள் பேசியது என்னிடம் அல்ல.

"சாமி, உங்க படியில என் காலு ஒரு நாளாவது பட்டிருக்குதா? இந்த ஜனங்களக் கேளுங்க. படி ஏறாத காலு. உள்ள கெடந்த பொடவ வரைக்கும் கை மட்டும் எப்பிடி நீளும்?"

ஓடத் திரும்பிய வீராசாமி ஓடாமல் நின்றான். துணியை வாரி வந்தவன் யார் என்ற கேள்வி அடுத்து வரும் என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கண்ணாயிரம் சற்று யோசித்தார். அவர் வியாபாரி. போலீஸ் வந்தாலும் புடவை தெருவில் கிடந்தது கிடந்ததுதான். அதை மறுபடி உள்ளே விலைபோகும் பட்டாக ஆக்க ஒரே வழி இருந்தது. அவர் திரும்பி, ஜமக்காளத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, இவ்ளோ நேரம் நீங்க கேட்ட பொடவதான். பாதி விலைக்குத் தரேன். இந்தக் கடையில இப்படி ஒரு தள்ளுபடி நான் யாருக்கும் கொடுத்ததில்ல. வந்து எடுத்துக்குங்கோ. பட்டுக்கு ஏது தீட்டு? நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

ஹேமாம்புஜம் அம்மாள் எழுந்து படியருகே வந்தார். பாதி விலை என்ற சொல் அவர் முகத்தில் வேலை செய்ததை நான் பார்த்தேன். மலிவின் ருசி எங்கள் தெருவுக்கு மட்டும் உரியதல்ல. அவர் குனிந்தார்; கை நீண்டது. அந்தக் கை புடவையில் பட்டால் பட்டு சுத்தம், தமக்கை திருடி. எங்கள் கதை டாணாவில்தான் முடியும்.

தமக்கை அப்போதும் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி அம்மாளைப் பார்த்தாள்.

"கல்யாணமா?" என்று கேட்டார் அம்மாள்.

"மவளுக்குங்கம்மா. ஆனியில."

அம்மாளின் கை புடவைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு மெதுவாக மேலே போய்த் தம் மடிசாரின் தலைப்பைச் சரிசெய்துகொண்டது.

"பட்டுக்குத் தீட்டில்லன்னு பெரியவா சொல்றது வாஸ்தவம்தான், கண்ணாயிரம்" என்றார். "ஆனா, எனக்கு வேற எடுத்துக் காட்டும்."

அவ்வளவுதான். உள்ளே இருந்த மற்ற வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டார்கள். அந்தப் புடவையை இனி கண்ணாயிரம் காஞ்சிபுரத்தில் யாருக்கும் விற்க முடியாது.

தமக்கை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறணாவைக் கீழ்ப்படியில் வைத்தாள். வீராசாமி செம்பைக் கொண்டுவந்தான். காசின்மேல் தண்ணீர் தெளித்தான். அன்றும் தெளித்தான்.

பொன்னையனேரிக் கரை வரும்வரை வேகமாக நடந்தோம். அங்கே அவள் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு, "வெயில்ல பாத்தியா, கரை எப்பிடி நிக்குது!" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், எழுதவும் வரும். தெருவில் திருடி என்று கூவியதையும் தண்ணீர் தெளிப்பதையும் விவரித்து மேலிடத்துக்கு மனு எழுதினேன். மூன்று தடவை சுத்தப் பிரதி எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது. தமக்கைக்குப் படித்துக் காட்டினேன்: மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

"தள்ளுபடியா? நமக்கா?" என்றாள் அவள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "எம்மாந் தள்ளுனாங்க?"

"முழுசா, அக்கா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

காந்தா அந்தப் பட்டைக் கட்டித்தான் மணையில் உட்கார்ந்தாள். ஏனாத்தூர்ப் பெண்கள் விலை கேட்டார்கள். தமக்கை ஒளிக்காமல் ஆறணா என்றாள். ஒருத்தியும் நம்பவில்லை. திருடி என்ற சொல் இரண்டாம் தடவை கிளம்பியது அங்கேதான். வாங்கிய விலையைப் பொய்யாக ஏற்றிச் சொல்லியிருந்தால் கிளம்பியிருக்காது. அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. "ஆறணாவ அம்பது ரூவான்னு சொன்னா, நான் வாங்குனதுல இன்னாடா பெருமை?" என்றாள்.

அம்மாள் ஏன் கையை இழுத்துக்கொண்டார் என்பதில் மட்டும் எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. அது தீட்டுதான், வேறொன்றும் இல்லை என்பது என் கட்சி. கல்யாணமா என்று ஏன் கேட்டார் என்பது தமக்கையின் கட்சி. எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததாக எழுதவும் மாட்டேன்.

கண்ணாயிரம் மறு வருஷம் முதல் வாசலில் குவியல் கொட்டுவதை நிறுத்திவிட்டார். தமக்கை வேறு கடை பார்த்துக்கொண்டாள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் முதல் நாள் அந்த அரக்குப் புடவை அந்த வீட்டுக்குப் போகும். கூடவே தமக்கையும் போவாள். பெண் கூச்சத்தோடு தள்ளி நிற்கும்.

"இன்னாத்துக்குடி தூரத்துல நின்னுக்கினு பாக்கற? கை வெய்யி. நல்லா, பதிச்சி வெய்யி" என்பாள். பெண் உள்ளங்கையைப் பட்டின்மேல் வைத்ததும், தமக்கை புடவையைப் பெண்ணின் பக்கமாகத் தள்ளிவிடுவாள்.

"தொட்டுட்டே இல்ல? எடுத்துக்க."