கடைசி நிறுத்தம்

பள்ளத்தாக்குப் பூங்காவுக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள், பேருந்துதான். வருஷக்கணக்காக அதை ஓட்டுகிற லொரேன், விடுமுறையன்றும் அதிலேயே ஏற வேண்டியதாயிற்று. ஒஹாயோவிலிருந்து வந்த கணவன் வீட்டார் பள்ளத்தாக்கைப் பார்த்தே தீருவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"லீவு அன்னைக்கும் வந்து நிக்கிறியே, வேற போக்கிடமே இல்லையா?" என்றான் அன்றைய ஓட்டுநர் ஹோமர்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் ஆற்றோரப் பாதையில் நடக்கக் கிளம்பினார்கள். முழங்கால் வலிக்காரியான மாமியார் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான் தினமும் பாக்கறியே. அம்மாகூட இரு," என்று சொல்லிவிட்டுக் கணவன் டுவைட்டும் போய்விட்டான்.

வேலை நாட்களில் இங்கே வண்டியைத் திருப்பவே லொரேனுக்கு நேரம் சரியாக இருக்கும். அந்தப் பாதையில் அவள் கால் வைத்ததே இல்லை.

"அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்றாள் மாமியார்.

அந்தப் பாதையைப் பற்றிப் பேருந்து ஒலிபெருக்கியில் தினமும் தான் சொல்லும் அறிவிப்பை லொரேன் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

"நேர்ல பாத்த மாதிரியே இருக்கு. குடுத்து வச்சவ நீ."