தடித்தவளின் பட்டினி

நாகர்கோவிலில் நான் முதலில் போன மருத்துவமனையில் எடை பார்க்கும் கருவி மருத்துவரின் அறைக்குள் இல்லை. நடைபாதையில், மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. வரிசையாக ஏறி இறங்க வேண்டும். ஒரு செவிலியர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், மேசையில் இருக்கும் இன்னொருவர் எழுதிக்கொள்வார். என் எண்ணைச் சொன்னபோது மருந்துக்காக நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரையில் என் எடை எங்கும் வராது. இதே நோயில் இருப்பவர்கள் வாசித்தால் முதலில் அதைத்தான் தேடுவார்கள், தேடித் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தேடினேன்.

அன்று நான் போனது குளிருக்காக. கல்லூரி வகுப்பில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். நான் மட்டும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் இருப்பேன். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. படி ஏறினால் கண் இருட்டியது. மாதவிலக்கும் நின்றிருந்தது. நடைபாதையில் எடை எழுதித் தந்த சீட்டை மருத்துவர் பார்த்தார், போன வருடச் சீட்டையும் பார்த்தார், சிரித்தார்.

“நல்லா கொறைச்சிருக்கியே. இப்பிடியே போகட்டும், இன்னும் கொறையணும்” என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில். வாப்பா மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் உம்மாவும் நானும்தான். சிறு வயதிலிருந்தே நான் தடித்த பிள்ளை. பள்ளிச் சீருடைக்கு எனக்கு மட்டும் துணி கூடுதலாக எடுக்க வேண்டியிருந்ததையும், பந்தியில் என் இலைக்குப் பரிமாறுகிறவர்கள் “போதும்லா?” என்று தாங்களாகவே முடிவு செய்ததையும் விரிவாகச் சொல்லப் போவதில்லை. தடித்த பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னால், சின்ன விஷயத்தைப் பெரிதுபடுத்துவதாகத் தோன்றும்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பிறகு ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. “பிள்ளைக்கு மொகம் நல்ல மொகம்” என்று மட்டும் அவர்கள் சொன்னதாக மாமி, வாப்பாவின் அக்கா, வந்து சொன்னார். முகத்துக்குக் கீழே என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் ரமலான் பிறந்தது.

அந்த ரமலானில் நான் வைத்த நோன்புகளில் இறைவனுக்காக வைத்தவை எத்தனை என்று எனக்கே தெரியாது. மாத முடிவில் சுடிதார் தொளதொளத்தது. பெருநாளன்று வந்தவர்கள் எல்லாம் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாமி என் கன்னத்தைக் கிள்ளி, “இப்பம்தான் பாக்க பிள்ளையாட்டு இருக்கு” என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் ஒரே நாளில் என்னைப் பாராட்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

பெருநாள் முடிந்து ஆறு நோன்பு வைத்தேன். பிறகு களா நோன்பு. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. விட்டதைப் பின்னால் எண்ணி வைத்து முடிக்க வேண்டும். பருவமடைந்த வருடத்திலிருந்து எல்லாம் பாக்கி நிற்கிறது என்று உம்மாவிடம் சொன்னேன். பாதிக்கு மேல் நான் ஏற்கெனவே வைத்து முடித்தவை. அதுவும் தீர்ந்த பிறகு, விரும்பியவர்கள் வைக்கும் திங்கள், வியாழன் நோன்புகள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும் என்பேன். வயிறு நிறைந்தால் தொழுகையில் மனம் நிற்காது என்பேன். உம்மா மற்ற பெண்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். ஒரு தாய் மகளுடைய பக்தியைச் சந்தேகப்படுவாளா? அதைத் தெரிந்துகொண்டுதான் அதற்குப் பின்னால் ஒளிந்தேன். இந்த நோயில் நான் செய்தவற்றில் இன்றும் என்னைச் சுடுவது இதுதான்.

மாதவிலக்கு நின்றதற்கு ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துவிட்டு நீர்க்கட்டி (சூலகத்தில் தோன்றும் சிறு நீர்ப்பைகள்) என்றார். எடை குறைந்தால் தானாக வரும் என்றார். எடை குறைந்ததால்தான் நின்றது. ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது தடித்த ஒரு பெண். தடித்தவளுக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான். காதுவலி என்று போயிருந்தாலும் நடக்கச் சொல்லியிருப்பார்கள்.

சிதறால் மலைக்கு வகுப்பில் எல்லோருமாகப் போனோம். அன்றும் நான் நோன்பு. பாறைப் பாதையில் பாதி தூரம் ஏறியது நினைவிருக்கிறது. அதன்பிறகு நினைவிருப்பது ஆம்புலன்ஸின் கூரை.

கொண்டுபோன மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த மருத்துவருக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூடுதல் இருக்கும். என் நாடியைப் பிடித்தவர் கையை எடுக்கவே இல்லை. பிராடிகார்டியா (இதயம் மிக மெதுவாகத் துடிப்பது) என்றார். பொட்டாசியம் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் உப்பு) இரத்தத்தில் சரிந்திருந்தது.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டே?”

“நோன்பு.”

“நேத்து?”

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

“முந்தாநேத்து?”

அழுதுவிட்டேன். இத்தனை மாதங்களில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். அனோரெக்சியா (உடல் பருத்துவிடும் என்ற தீராத பயத்தால் உணவை ஒதுக்கும் மனநோய்) என்று சந்தேகிப்பதாக அவர் சொன்னபோது உம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“டாக்டரே, எனக்க மோளு திங்காம கெடந்தா இப்பிடியா இருப்பா?”

உம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்து அதைக் கேட்டபோது, இறந்துபோயிருந்தால்கூட ஒல்லியாக இறக்கவில்லை என்பார்கள் என்று தோன்றியது.

மனநல மருத்துவர்தான் உம்மாவை உட்காரவைத்து விளக்கினார். “எலும்பும் தோலுமா இருக்கிறவங்களுக்குத்தான் இந்த நோய் வரும்னு இல்லம்மா. எங்கிருந்து எவ்வளவு வேகமா எறங்கினாங்கன்னு பாக்கணும். இவ இதயத்துக்கு இவ தடியா ஒல்லியான்னு தெரியாது. பட்டினின்னு மட்டும்தான் தெரியும்.” உம்மா தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், “மனசு டாக்டர்கிட்ட வந்தத மாமிகிட்ட செல்லாண்டாம்” என்றார்.

பத்து நாள் படுக்கை. நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டாலும் ஆபத்து. இரத்தத்தில் உப்புகள் சரிந்துவிடும் என்பதால் அளந்து அளந்து கொடுத்தார்கள். வீடு திரும்பும் நாளில் உணவு ஆலோசகர் ஒருவர் வந்தார். என் கோப்பைத் திறக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையிலிருந்த அச்சிட்ட தாள்களில் ஒன்றை உருவிக் கொடுத்தார். எடை குறைப்பதற்கான உணவு முறை. காலையில் வெள்ளரிக்காய்.

அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டவில்லை. புதையல் கிடைத்தவள்போல் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். மருத்துவமனையே எழுதித் தந்ததாயிற்றே! மூன்று வாரம் அதன்படி இருந்தேன், மறுபடி மயங்கினேன். அவர் செய்தது பிழை என்று எனக்கு அன்றே தெரியும். நோய்க்கும் தெரியும், அதனால்தான் தாளைப் பத்திரப்படுத்தியது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மருத்துவமனை தரும் காகிதங்களை நீங்களும் வாங்கி வாசியுங்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்த ரமலானுக்கு முன்னால் மனநல மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த வருடம் நோன்பு கிடையாது, மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் மருந்துபோல நேரத்துக்கு நடக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பழைய இடத்துக்குப் போய்விடுவாய் என்றார். நோயாளிக்கு விலக்கு உண்டு என்பது உம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் நோயாளி என்றால் பார்த்தால் தெரிய வேண்டாமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உம்மா நோன்போடு எனக்கு மதியம் சமைத்தார். அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு, மீன் குழம்பின் வாசம் வெளியே போகாதிருக்கக் கதவிடுக்கில் துணியைத் திணித்தார். உப்பு பார்க்க முடியாது, அதனால் நான் முதல் வாய் வைத்ததும், “உப்பு எப்பிடி?” என்று கேட்பார். ஒரு வருடமாகச் சுவையை நினைத்தே பார்க்காதவள் தினமும் உப்பைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பசித்திருக்கும் தாயின் முன்னால், திருடியைப்போல் மூலையில் குந்தியிருந்து தின்பது எவ்வளவு அவமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் மாமி முன்னறிவிப்பில்லாமல் வந்தார். என் தட்டைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் உம்மா முந்திக்கொண்டார்.

“அவளுக்கு மாசம் வந்திருக்கு மைனி.”

மாமி அதோடு விட்டுவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வராமல் போனதற்காக மருத்துவமனை ஏறி இறங்குகிறோம். அதையே வந்ததாகச் சொல்லி என்னைக் காப்பாற்றுகிறார் உம்மா.

பதினாறாம் நாள் மாமி மறுபடி வந்தார். மறுபடியும் மதியம். உம்மா அதையே சொன்னார்.

“முந்தி வந்தப்பமும் இதத்தானே செல்லின?” என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, போன வருசம் நல்லா நோம்பு வச்சே, நல்லா மெலிஞ்சே. இந்த ஒடம்ப வச்சிட்டு ஒரு மாசம் பகல்ல திங்காம இருந்தா என்ன கொறஞ்சா போவும்?”

எனக்குள் ஏதோ அறுந்தது.

“மாமி, எனக்கு மாசம் வந்து எட்டு மாசமாவுது. திங்காம கெடந்து நின்னுபோச்சு. இது நோயி. டாக்டரு திங்கச் செல்லியிருக்கு.”

“திங்காம கெடந்ததா? நீயா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். கோபம் வந்தால் இந்த நோய்க்கு வேட்டை. அன்று மதியம் தின்னாமல் எழுந்திருந்தால் இரவும் தின்றிருக்க மாட்டேன். அது எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும்.

உம்மா தட்டை எடுத்துத் திரும்ப என் முன்னால் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். “ஆரு மேல உள்ள கோவத்தயும் சோத்துல காட்டாண்டாம். தின்னு மோளே.” பிறகு மாமியைப் பார்க்காமலே சொன்னார். “பொய் செல்லினது நான்தான் மைனி. பிள்ளைக்கு இந்த நோயின்னு செல்ல எனக்கு நாணமாட்டு இருந்து.”

மாமி நின்றுகொண்டிருந்தார். நான் தின்றேன். அழுதுகொண்டே, ஒவ்வொரு வாயாக, தட்டு காலியாகும்வரை தின்றேன். அன்று உம்மா உப்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார்.

என் உடலை நேசிக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய். எடை திரும்பி வருகிறது. என் நோயைப் பாராட்டிய அதே வாய்கள் இப்போது, “ஐயோ, பின்னயும் தடிச்சிட்டியே” என்று நான் குணமாவதற்குத் துக்கம் விசாரிக்கின்றன. சில நாள் தாங்குகிறேன், சில நாள் தாங்க முடியவில்லை. மாதவிலக்கு இரண்டு முறை வந்தது, பிறகு ஒரு மாதம் வரவில்லை. கல்லூரி மணி, பேருந்து நேரம் எல்லாம் போய், என் நாள் இப்போது சாப்பாட்டு நேரங்களால் ஆனது. ஒரு வேளையை முடித்தால் அடுத்த வேளைவரை வாழ்ந்தாயிற்று என்று அர்த்தம்.

அந்த ரமலானின் பெருநாள் முடிந்ததும் மாமி வந்திருந்தார். முன்போலப் பேசவில்லை, உதவ நினைத்துத்தான் வந்திருந்தார். எனக்கு விட்டுப்போன முப்பது நோன்புக்கும் ஃபித்யா கொடுத்துவிடலாம் என்றார். ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு உணவு. கணக்கு முடிந்துவிடும், பிள்ளை இனி கஷ்டப்பட வேண்டாம்.

“அது தீராத நோய்க்காரங்களுக்குள்ளது மைனி” என்றார் உம்மா. “இவளுக்குத் தீரும். தீந்த பொறவு இவளே வைப்பா.”

அவ்வளவுதான் சொன்னார். என் நோயையே நம்ப மறுத்த உம்மா, நான் குணமாவேன் என்பதை, எனக்கே அதில் நம்பிக்கையில்லாதபோது, சந்தேகமில்லாமல் நம்பிவிட்டார். அதற்காக முப்பது நாளை என் எதிர்காலத்தில் ஒதுக்கியும் வைத்துவிட்டார். அடுத்த ரமலான் வருவதற்குள் வைக்க முடியுமா, அதற்கும் அடுத்த வருடமாகுமா, மருத்துவர் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். இன்று அனுமதி கிடைத்தால் நாளைக்கே தொடங்கிவிடுவேன்; முப்பதையும் ஒரே மூச்சில், சந்தோஷமாக வைப்பேன். அந்தச் சந்தோஷம் இருக்கும்வரை நான் தொடங்கக் கூடாது. எல்லோரையும்போல மதியம் இரண்டு மணிக்கு எனக்கும் பசி பொறுக்க முடியாமல், இன்னும் எவ்வளவு நேரம் என்று நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்காகக் கடிகாரத்தைப் பார்க்கிற நாள் ஒன்று வரும் என்கிறார்கள். அது வரட்டும். முதல் நோன்பை அன்று வைக்கிறேன்.