பர்மா தேக்கு என்று நான் சொன்ன வாசக்கால்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் பாதி கெஸ்ட் ஹவுஸ்களின் கதவு என் கைவேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரே ஒரு இழைப்புளியை வைத்துக்கொண்டு தொடங்கி, எட்டு ஆள் வேலை செய்யும் பட்டறையை உண்டாக்கினேன். வெள்ளைக்காரர்கள் காகிதத்தில் வரைந்து காட்டுவார்கள், நான் மரத்தில் செய்து காட்டுவேன். கட்டையை விரலால் தட்டி, மோந்து பார்த்து, இது இன்ன மரம் என்று சொல்லிவிடுவேன். மர விஷயத்தில் என்னை எதிர்த்து ஒருவரும் பேசியதில்லை. அதுவே எனக்கு வினையாகிப்போன கதையை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. என் ஒரே மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டாரும் எங்கள் தச்சு ஆட்கள்தான். ஆனால் அவர் அப்பா காலத்திலேயே உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த வீட்டில் என் மகளை மட்டமாக ஒன்றும் நடத்தவில்லை. ஆனாலும் சம்பந்தியம்மாள் அவ்வப்போது ஊசியாகக் குத்துவார்.

"உங்க பொண்ணு தோசை திருப்பறதுக்குக்கூட எங்கப்பா இப்படித்தான் சொல்லுவாருங்கறா. மரத்தூள்ல வளந்த பொண்ணு, அதுக்கு என்ன பண்றது" என்று என் எதிரிலேயே சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள். அங்கே அவளுக்கு நிமிர்ந்து நிற்க இருந்தது என் பேர் ஒன்றுதான்.

சம்பந்தி புது வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயம் சென்னையில் மரவேலைக் கண்காட்சி ஒன்று போட்டார்கள். நான் ஒரு கரண்ட் இழைப்பு மெஷினும் சில உளிகளும் வாங்கப் போவதாகச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நானும் வரேன் சம்பந்தி. வாசக்காலுக்கு நீங்களே மரம் பாத்துக் குடுத்துடுங்க. பர்மா தேக்குதான் வேணும் எனக்கு" என்றார்.

"என்கூட வாங்க. கண்ண மூடிட்டு எடுத்துத் தரேன்" என்றேன்.

காலையிலேயே கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் என் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் சின்ன உளி அதற்குள் இருந்தது. உள்ளே ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை. ஏசி குளிர். கூட்டம் கிரிவலம் போகிற மாதிரி ஒரே பக்கமாக நகர்ந்தது. நுழைந்துவிட்டால் எல்லாக் கடையையும் தாண்டித்தான் வெளியே வர முடியும். எங்கே பார்த்தாலும் மெஷின் ஓடுகிற சத்தம், பாலிஷ் நெடி, தின்னர் நெடி. கால் மணி நேரத்தில் என் மூக்கு அடைத்துப்போனது. எந்த மரத்தைக் கிட்டே கொண்டுபோனாலும் தின்னர்தான் மணத்தது.

எனக்கு வேண்டிய இழைப்பு மெஷினைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட சம்பந்தி விடவில்லை. "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்று முழங்கையைப் பிடித்து மரக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். தேன் நிறத்தில் பளபளவென்று கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். டை கட்டிய ஒரு பையன் நின்றிருந்தான்.

"தம்பி, இவரு யாரு தெரியுமா? திருவண்ணாமலையில வந்து கேளு. மரத்த தட்டியே அது எந்த நாட்டு மரம்னு சொல்லிடுவாரு" என்றார் சம்பந்தி.

"சூப்பர் சார். தட்டிப் பாருங்க சார்" என்றான் பையன்.

நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். நான் தட்டினேன். பக்கத்துக் கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு சத்தமும் காதில் விழவில்லை.

"ஒரு உளி குடு தம்பி. ஓரமா சீவிப் பாக்கறேன்."

"டிஸ்ப்ளே பீஸ் சார். கை மட்டும் வெச்சுப் பாருங்க, ப்ளீஸ்."

கட்டையில் ஓர் அட்டை தொங்கியது. இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருந்தார்கள். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கக் குனிந்தார். எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்ததோ, அட்டையைத் திருப்பிப் போட்டேன். "அட்டையப் பாத்து மரம் வாங்கறதுக்கு நான் எதுக்கு சம்பந்தி?" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கே வைத்து என்னால் சொல்ல முடியாது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சம்பந்தி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள்.

"பர்மாதான்" என்றேன். "சந்தேகமே வேணாம்."

அதோடு விட்டேனா? சென்னைக்காரன் வேறு கட்டையை மாற்றி அனுப்பிவிடுவான் என்று என் புத்திசாலித்தனத்தையும் காட்டினேன். ஒரு சிவப்பு மார்க்கர் பேனா வாங்கி, நான் பொறுக்கிய நாலு கட்டைகளிலும் என் பட்டறைக் குறியைப் போட்டேன். "இந்தக் குறி இல்லாத கட்டை வந்தா இறக்க மாட்டேன்" என்று மிரட்டினேன். வெளியே வரும்போது என் கையில் இரண்டே இரண்டு உளிகள்தான் இருந்தன.

கட்டைகள் குறி மாறாமல் என் பட்டறைக்கு வந்து இறங்கின. மறுநாளிலிருந்து சம்பந்தியும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு மரத்தைக் காட்டுவார். "பர்மா. எங்க சம்பந்தி செலக்ஷன். குறி பாருங்க, அவரே போட்டது."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் முதல் கட்டையை அறுத்தேன். மேலே காகிதக் கனத்துக்குத்தான் தேன் நிறம். உள்ளே ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. மரத்தின் நடுப்பாகம்தான் வைரம், பட்டையை ஒட்டிய வெளிப்பாகம் வெள்ளை. கரையானுக்கு வெள்ளை என்றால் விருந்து. அதன்மேல் சாயம் ஏற்றி எண்ணெய் பூசியிருக்கிறார்கள். பர்மாவும் இல்லை, ஒன்றும் இல்லை, ஏதோ தோப்பில் வளர்ந்த இளமரம். மற்றவற்றின் முனைகளையும் சீவிப் பார்த்தேன், நாலில் இரண்டு கட்டை அப்படி. சம்பந்தி திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அறுபட்டு விழுந்த துண்டைக் காலால் மரத்தூளுக்குள் தள்ளி மூடினேன்.

கட்டையை மாற்றிவிடலாம் என்றால் அவற்றில் என் குறி இருந்தது, அதற்கு எதிரே சம்பந்தியும் இருந்தார். சென்னைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம் என்றால், பொறுக்கியவன் நானே. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் துணிந்தேன். அன்றைக்குப் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, இன்னிக்கு அத்தையே எனக்கு காபி போட்டுக் குடுத்தாங்கப்பா. மாமா தெருவெல்லாம் உன்னப் பத்தித்தான் பேசறாரு."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். வெள்ளைப் பக்கம் சுவரோடு போகிற மாதிரித் திருப்பி வைத்துச் செய்தேன். அதன்மேல் கெட்டியாகத் தார் பூசினேன். இந்த வேலை செய்தவனை என் பட்டறையிலிருந்து நானே துரத்தியிருக்கிறேன். மேல்கட்டை மூலையில் இரண்டு விரல் அகலம் வெள்ளை வெளியே தெரிந்தது. அதற்குப் பாலிஷில் சாயம் கலந்து பூசினேன்.

வாசக்கால் தூக்குகிற முகூர்த்தம் காலையில். கீழ்பென்னாத்தூரில் அந்தத் தெருவே திரண்டிருந்தது. வாசக்காலைத் தூக்கும் முன் சுமங்கலிகள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது வழக்கம். பூசிய பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

மருமகள் என்பதால் என் மகளைத்தான் முதலில் பூசச் சொன்னார்கள். கால்களுக்குப் பூசிவிட்டு மேல்கட்டைக்கு வந்தாள். அந்த மூலையில் அவள் கட்டைவிரல் நின்றது. தவழ்ந்த நாளிலிருந்து என் பட்டறையில் கிடந்தவள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்திலிருந்து மஞ்சளை அள்ளி அந்த இடத்தில் அப்பினாள். மற்ற இடத்தைவிட ரெண்டு மடங்கு கெட்டியாக.

அதை என்னால் தாங்க முடியவில்லை. சம்பந்தியைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"சம்பந்தி, தூக்க வேணாம். ரெண்டு கட்டையில வெள்ளை இருக்கு. பர்மா இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். என்கிட்ட இருக்கற மரத்துலயே வேற செஞ்சு தரேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"அறுத்தப்பவே."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாங்க. இப்ப வந்து சொல்றீங்களே. என் பழைய ஆபீசரு வந்து உக்காந்திருக்காரு. பர்மா, பர்மான்னு ஊருக்கே நான் தம்பட்டம் அடிச்சு வெச்சிருக்கேன். மஞ்சள் பூசினத திருப்பி அனுப்பினா என்ன பேசுவாங்க? உங்க பொண்ணு வந்த நேரம்னு பேசுவாங்க. நான் பேச மாட்டேன். எங்க வீட்டுலயே பேசுவாங்க."

"அதுக்காகத்தான் சம்பந்தி..."

"அதுக்காகத்தான் சொல்றேன், சும்மா இருங்க."

"நேரம் ஆவுது சார், தூக்கலாமா?" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார்.

"தூக்குப்பா!" என்று சம்பந்தி கத்தினார். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.

செய்தவன் முதலில் கை கொடுக்க வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். வலது கால் பக்கம் தோள் கொடுத்தேன். வாசக்கால் நிமிர்ந்தது. பாலை ஊற்றினார்கள், கலவையைக் கொட்டி இறுக்கினார்கள். என் மனசு கேட்டபடி அது சாய்ந்தும் விழவில்லை. நூல் பிடித்த மாதிரி நின்றது, செய்தது நான் அல்லவா.

சாப்பாடு முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனேன். மகள் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"எந்தெந்தக் கட்டைப்பா?"

"வலது காலும் மேல்கட்டையும்."

"கரையான் ஏறுமா?"

"மண்ணுலருந்து கால் வழியாத்தான் ஏறும். மருந்து அடிச்சிட்டே இருந்தா ஏறாது."

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"பாலிஷ்னு சொல்லி மருந்து எடுத்துட்டு வா. மழைக்கு முன்ன ஒரு தரம், பொங்கலுக்கு முன்ன ஒரு தரம். அன்னிக்கு அத்தைய நான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்." சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மாமாகிட்ட இனிமே பெருசா எதையும் சொல்லாதப்பா."

அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தரம் போகிறேன். பாண்டிச்சேரியில் பெரிய ஓட்டல் வேலை ஒன்று தேடி வந்தது. மருந்து அடிக்கிற தேதியில் வர முடியாது என்று விட்டுவிட்டேன். ஏன் என்று பட்டறையில் கேட்டார்கள், சம்பந்தி வீட்டில் பாலிஷ் வேலை என்றேன். நான் குனிந்து வாசக்காலின் காலுக்கு மருந்து அடிக்கும்போது சம்பந்தி டின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். தெருவில் யாராவது போனால், "பர்மா தேக்குக்கு வருஷா வருஷம் பாலிஷ் போடணுங்க, அதான் பளபளன்னு இருக்கு" என்று குரலை உயர்த்திச் சொல்வார். நான் தலையை நிமிர்த்துவதில்லை.