சரிபார்ப்பு வாரத்தில் ஒரு தேர்வு

இணையவழிப் பாடங்களையும் பட்டப்படிப்பில் சேர்க்கலாம் என்று எங்கள் பல்கலைக்கழகம் முடிவெடுத்தபோது, நூலகர் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவனே. "நம் நாற்காலிகள் காலியாகிவிடும்" என்றேன். அப்பாடங்களைப் படிக்கவும் மாணவர் நம்மிடமே வருவர் என்றனர் மற்றவர். திருவொற்றியூரில், எங்கள் கல்லூரி நூலகத்தில், அவர்கள் கூற்றே மெய்யாயிற்று.

எர்ணாவூரிலிருந்து வரும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி அத்தகைய பாடமொன்றை எடுத்திருந்தாள். அதில் தேறினால்தான் பட்டம். தேர்வைக் கணினியின்முன் தனியே எழுத வேண்டும். அறையின் ஒலி முழுதும் பதிவாகும்; வேற்றுக் குரல் கேட்டால் இணையவழிக் கண்காணிப்போர் தேர்வை நிறுத்திவிடுவர். அவள் வீட்டு வாசலிலோ கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ஓயாது. ஆகவே பருவ இதழ் அறையை அவளுக்குத் திறந்துவிட்டேன். அமைதிக்கு நானே பொறுப்பு என்றும் கூறினேன்.

அது ஆண்டுச் சரிபார்ப்பு வாரம். ஒவ்வொரு நூலின் சேர்க்கை எண்ணையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பதிவேட்டில் குறியிடுவது வழக்கம். முப்பதாண்டுப் பழக்கத்தில் அதனை ஓசையென்றே நான் கருதியதில்லை. அவ்வறையின் மரத்தடுப்புக்கு இப்பால் நின்று நான் படித்தேன். துணை நூலகரான அம்மையார் குறியிட்டார்.

அரைமணியில் அறைக்கதவு திறந்தது.

"இன்னா சார் இது? நீங்க நம்பர் சொல்லிகினே கீறீங்க. எனக்கு ஆன்சர் சொல்றீங்கன்னு நெனச்சி பரீட்சைய நிறுத்திட்டாங்க!" அவள் கண்கள் கலங்கியிருந்தன.

துணை நூலகர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். "இத்தன வருஷம் பிட்டு புடிச்சீங்க ஐயா. இப்ப நீங்களே பிட்டா?"

நாணத்தோடு அன்றே தேர்வு நடத்துவோருக்கு மடல் எழுதினேன். நான் படித்தவை விடைகளல்ல, நூல்களின் எண்கள் என விளக்கி, அன்று குறியிட்ட பதிவேட்டுப் பக்கங்களை இணைத்து, ஒலிப்பதிவோடு ஒப்பிட வேண்டினேன். ஒப்பிட்டனர் போலும், நான்காம் நாள் மறுதேர்வுக்கு இசைவு வந்தது.

மறுதேர்வன்று அறைக்குள் நுழையுமுன் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், இன்னிக்கு வாயத் தொறந்தீங்க, பேஜாராயிடும்."

சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை. நூலைத் திறந்து எண்ணை விரலால் காட்டினேன். அம்மையார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துக் குறியிட்டார். "முடிச்சிட்டேன் சார்!" என்று அவள் கூவியதே அன்று நூலகத்தில் எழுந்த முதல் ஓசை. அவளை நான் கண்டிக்கவில்லை.

அவள் தேறினாள். அடுத்த கூட்டத்தில் என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்று, ஒவ்வொரு நூலகத்திலும் தேர்வெழுதத் தனியறை வேண்டுமென்று முன்மொழிந்தேன். "சரிபார்ப்பு வாரத்துலயுமா ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவையே சிரித்தது. அக்கதையை நான் எவரிடமும் சொன்னதில்லை; உடன் வந்திருந்த துணை நூலகரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுநோக்கிக் கொண்டிருந்தார்.