சிவப்பாகிப் போன இலைகள்

இருபத்திரண்டு வருஷம் கார்களுக்கு பெயிண்ட் அடித்தவர் அவர். மூச்சிழுப்பு வந்து, "இனி பெயிண்ட் வாடையே கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு மச்சான் பிடித்துக் கொடுத்த வேலை இது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடாரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடவேண்டும், தட்டுகளைக் கழுவவேண்டும். வேலை மாறியும் அங்கே எல்லாருக்கும் அவர் பெயிண்டர்தான்.

அங்கிருந்த ஆராய்ச்சியாளர் மேடம், புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் செடிகளை வளர்த்தார். ஒளிர வைக்கும் மரபணு வெளியிலிருந்து புகுத்தியது. இலைமேல் ஆர்.என்.ஏ. கலந்த தண்ணீரைத் தெளித்தே அந்த மரபணுவின் வாயை அடைத்து ஒளியை நிறுத்த முடியுமா என்று ஏழு மாதமாகக் கை ஸ்ப்ரேயும் கையுமாக அலைந்தார். செடிகள் அசைந்து கொடுக்கவில்லை.

பெயிண்டருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி இலை மேல நின்னு வழிஞ்சிடுது. உள்ள இறங்கணும்னா காத்து அழுத்தம் வேணும். கம்ப்ரஸர் வெச்சு ஸ்ப்ரே கன்ல அடிச்சுப் பாக்கலாமா?"

"இலை கிழிஞ்சிடாது?"

"கிழியும். கிழியாத தூரம் ஒண்ணு இருக்கும், கண்டுபிடிச்சிடலாம்."

வேண்டாத செடிகளில் வெறும் தண்ணீர் அடித்துப் பழகினார். முதல் பத்து இலைகள் கந்தலாயின. பதினோராவது தப்பித்தது. அடுத்த வாரம், பெயிண்டே படாத புது ஸ்ப்ரே கன்னால் நான்கு செடிகளுக்கு ஆர்.என்.ஏ. தண்ணீரும், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு செடிகளுக்கு வெறும் தண்ணீரும் அடித்தார். அன்றே மேடம் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் ஆசை யாரை விட்டது? இருட்டறையில் விளக்கைப் போட்டார். பச்சை மங்கியிருக்கும் என்று நினைத்தவர் செடிகளை விளக்குக்கு அருகே இழுத்துப் பார்த்தார். நான்கு செடிகளிலும் ரத்தச் சிவப்பில் திட்டுத் திட்டாக. வெளியே கொண்டுவந்து பார்த்தால் இலைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெயிண்டின் குறையும் விளக்கில்தானே முதலில் தெரியும்? கருக்கிவிட்டோம் என்றே முடிவு கட்டினார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி விடாமல் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அவங்க வந்து பாத்துக் கேக்கறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இந்தாங்க ஃபோன்."

கல்யாண மேளத்துக்கு நடுவில் மேடத்தின் குரல் வந்தது. பெயிண்டர் ஒரே மூச்சில் கொட்டினார்.

"சிவப்பாவா? வெறும் தண்ணி அடிச்ச ரெண்டும்?"

"அது பழைய மாதிரி பச்சையாத்தான் இருக்கு மேடம்."

"அதுக்கும் அதே அழுத்தம்தானே? கருகறதா இருந்தா அதுவும் சிவந்திருக்கணுமே!" மேடம் கத்தியதில் மேளமே அடங்கிப்போனது. "ஐயோ பெயிண்டர், எந்தப் பச்சை இலையும் அந்த விளக்குல சிவப்பாத்தான் தெரியும். நாம புகுத்துன பச்சை அதை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அது அடங்கிடுச்சு! ஏழு மாசமா இந்தச் சிவப்பைத்தான் தேடுறேன். உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

ஃபோனை வைத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, திட்டினாங்களா?"

"இல்ல," என்றார். நெஞ்சு நிறைய மூச்சு வந்தது, இழுப்பு இல்லாமல். "கொஞ்சம் சோறு போடு. பசிக்குது."